காலிமுகத்திடலிற் கற்ற பாடம்

பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் காலங்கழிக்கும் எமக்கு, எம் பிள்ளைகளோடு ஊர் சுற்றிவர வாய்ப்பது அரிது. சென்ற விடுமுறையிலே மைந்தர் இருவரையுங் கொழும்பு மாநகருக்கு அழைத்துச் சென்றோம்.

முதலில், 1877 இல் திறக்கப்பெற்ற நூதனசாலையுட் புகுந்தோம். காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு அங்கே உளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிலே சீனம், பாரசீகம் என்பவற்றோடு எம் தமிழும் பொறிக்கப்பெற்றுள்ளது. அதன் பெருமையை வகுப்பறையிற் போல விரித்துரைத்தோம். இளையவனோ, “கடலுக்கு எப்போது போவோம், அப்பா?” என்றான். கடிந்துகொண்டோம். அவன் முகம் வாடியது.

மாலையிற் காலிமுகத்திடலை அடைந்தோம். ஆங்கு ஒரு நினைவுக்கல் நிற்கின்றது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்க, 1859 இல் நிறைவெய்திய அவ்வுலாவீதி, கொழும்பு மாதரதுஞ் சிறாரதும் நலங்கருதிப் பின்வரும் தேசாதிபதிகளிடம் ஒப்புவிக்கப்படுகின்றது என்பது அதன் கருத்து. நாடாள வந்த அந்நியர்க்குத் தோன்றிய சிறார் நலம் பெற்ற எமக்குத் தோன்றாது போயிற்றே என நாணினோம்.

கச்சானும் பட்டமும் வாங்கினோம். நூலை இளையவன் கையிற் கொடுத்து, வாய் திறவாது உடன் நின்றோம். பொழுது சாயுமட்டும் அவன் சிரிப்பு அடங்கவில்லை.

திரும்புகையிற் புகைவண்டியிலே அவனே வினவினான்: “அந்தக் கல்லிலே தமிழில் என்ன எழுதியிருக்கிறது, அப்பா?”

தேவேந்திரமுனைத் திருமாலுக்குச் சீன மன்னர் அனுப்பிய காணிக்கைகளைக் கூறினோம். கண்கொட்டாது கேட்டான்.

மக்களோடு மாநகர் செல்லும் பழைய மாணவர்காள், முதலிற் பட்டத்தை வாங்குக. பாடம் பின்னர்த் தானே வரும்.