பம்பாய்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

காவிரியில் பரிசலையே பார்த்துப் பழகிய குமாரபாளையத்துக்காரர்களுக்குப் போர்க்கப்பல் எட்டாத சங்கதிதான். ஆனாலும் ஒரு கப்பலைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கும் அதன் பெயர் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான். 1782-ல் அந்தக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதன் நினைவாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில்.

நெப்போலியன் போர்களால் பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பம்பாயிலோ தேக்கும் இருந்தது, வாடியா என்ற பார்சிக் குடும்பத்தின் கைத்திறனும் இருந்தது. தேக்கின் எண்ணெய்ப்பசை மரத்தை மக்கவிடாது. உள்ளே அறைந்த இரும்பையும் எளிதில் துருப்பிடிக்கவிடாது. ஓக்கில் உள்ள அமிலமோ இரும்பை அரித்துவிடும்.

இதைக் கட்டுவதற்கான வரைபடத்தைப் பம்பாய்க்கு ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812-ல் பிரேசில் கரையோரம் அமெரிக்கர்கள் அழித்தார்கள். மறுபடி வரைபடம் அனுப்பி, 1816-ல்தான் வேலை தொடங்கியது. தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1817 அக்டோபர் 12 அன்று கப்பலைக் கடலில் இறக்கினார். அதற்குள் நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதி. சண்டைக்கென்று செய்த கப்பலுக்குச் சண்டை இல்லை! 1819-ல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் சும்மா கட்டிக்கிடந்தது.

1845-க்குப் பிறகு 26 பீரங்கிகளோடு புதுப்பித்தார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் ரோந்து. அடிமை வியாபாரிகளைத் தடுத்ததும் அதில் அடங்கும்; அதன் பணிகளிலேயே நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். 1852 முதல் 1857 வரை பசிபிக்கில் இருந்தது. கிரிமியப் போர்க்காலம் அங்கேயே கழிந்தது. பிறகு கடற்படைப் பயிற்சிக் கப்பல்.

1897-ல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். தன் 'ஃபூட்ராயன்ட்' கப்பலை அதே ஆண்டு புயலில் இழந்த வீட்லி காப் என்பவர் இதை வாங்கி, அந்தப் பெயரையே சூட்டினார். 1986 வரை இளைஞர்கள் இதில் பயிற்சி பெற்றார்கள். 1987-ல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தது, 1992-ல் பழைய பெயர் திரும்பியது, 2001-ல் புதுப்பிப்பு முடிந்தது.

இருநூறு ஆண்டு தாண்டியும் இது மிதப்பதற்குக் காரணம் நம் தேக்கும் பம்பாய்த் தச்சர்களும்தான். அந்தப் பெருமையில் முதல் பங்கு ஜம்ஷெட்ஜிக்கு. உங்கள் பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்தால், ஹார்ட்டில்பூலுக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.