வாங்கியது 3600, ஓடியது 2666

எங்கள் பள்ளி வள மையத்திற்கு நானே ஒரு மேசைக் கணினியைப் பொருத்திக் கொடுத்தேன். அதில் செய்த பிழையைப் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

2022ஆம் ஆண்டின் தொடக்கம். மாணவர்களின் கதை சொல்லும் காணொளிகளைத் தொகுக்க நல்ல கணினி இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தந்தது. உதிரிப் பாகங்களை வாங்கிப் பொருத்தினால் செலவு குறையும் என்று நான் முன்வந்தேன். இன்டெல் கோர் ஐ5-10400 செயலியையும் பி460 தாய்ப்பலகையையும் தேர்ந்தெடுத்தேன். ரேம் வாங்கும்போது கடையில் 2666, 3200, 3600 என மூன்று வேகங்கள் இருந்தன. எண் பெரிதாயின் பயனும் பெரிது என்றெண்ணி, எண்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்து 3600 வேக ரேம் இரண்டை வாங்கினேன்.

அன்றிரவு பொருத்தி முடித்தேன். பயாஸ் திரை 2133 என்றது. எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கியதும் 2666க்கு ஏறியது. அதற்குமேல் நகரவில்லை. பழுதான சரக்கைத் தந்துவிட்டார் என்று கடைக்காரரை மனத்துக்குள் நொந்துகொண்டேன். தாய்ப்பலகையின் கையேட்டைப் படித்த பிறகே உண்மை விளங்கியது. அந்தச் செயலி டிடிஆர்4 ரேமை 2666 வரையே ஏற்கும். இசட்490 தாய்ப்பலகையாயின் அவ்வெல்லையைத் தாண்டலாம். பி460இல் தாண்ட இயலாது. பிழை கடைக்காரருடையதன்று, என்னுடையது.

அருகிலிருந்த மகன், "அப்பா, சிபியு-இசட் 1333 என்றுதானே காட்டுகிறது?" என்றான். டிடிஆர் வகை ரேம் ஒரு துடிப்பில் இருமுறை தரவை அனுப்பும். 1333 மெகா ஹெர்ட்ஸ் துடிப்பே 2666 ஆகிறது என்று விளக்கினேன். அவனுக்கு விளக்க முடிந்தது; சங்கத்திற்கு எப்படி விளக்குவது?

கணினி நன்றாகவே ஓடியது. நான் வாய் திறவாவிடில் எவருக்கும் தெரியாது. ஆயினும், அது பெற்றோர் தந்த பணம். அடுத்த கூட்டத்தில் நடந்ததைக் கூறி, எண்பது வெள்ளியை மேசைமேல் வைத்தேன். பொருளாளர் அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சார். அடுத்த முறை என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கோப்பில் வைக்கிறேன்" என்றார்.

அன்று எழுதிக் கொடுத்தது இதுதான்:

1. முதலில் தலைமுறையைப் பார்க்கவும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிற்கும் 288 முனைகள். ஆனால், வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் உள்ளது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

2. செயலி, தாய்ப்பலகை இரண்டும் ஏற்கும் வேகத்தைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்கவும். எது குறைவோ அதுவே எல்லை.

3. ஒரே பெட்டியில் இணையாக வரும் ரேமை வாங்கவும். 3200உடன் பழைய 2400ஐச் சேர்த்தால் இரண்டும் 2400இல்தான் ஓடும். சில வேளைகளில் கணினி நிலைகுலையவும் கூடும்.

4. நான்கு செருகுவாய்கள் இருப்பின், பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அப்போதுதான் இரு தடங்களும் இயங்கும்.

5. வேகத்தோடு சிஎல் எண்ணையும் பார்க்கவும். 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டிலும் தாமதம் 10 நானோ விநாடிதான்.

2023இல் இரண்டாவது கணினிக்குப் பணம் சேர்ந்தது. ரைசன் 5 5600 செயலியைத் தேர்ந்தெடுத்தோம். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் பொருளாளர் அம்மையாரும் வந்தார். நான் 3600 பெட்டியை நோக்கிக் கை நீட்டியதும், கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, "இரண்டாவது வரியைப் படியுங்கள், சார்" என்றார். அச்செயலிக்குக் குறிக்கப்பட்ட வேகம் 3200. அதையே வாங்கினோம். எக்ஸ்எம்பியை இயக்கியதும் திரையிலும் 3200 என்றே வந்தது.

அந்தத் தாள் இன்னும் சங்கக் கோப்பில் உள்ளது. பள்ளிக்கோ பிள்ளைகளுக்கோ கணினி பொருத்த எண்ணும் நண்பர்கள் படியெடுத்துக்கொள்ளலாம்.