புகழ்ந்து கேட்கும் குரல்

போர் வந்துவிட்டால் பெண்களோடு பேசும் தொனியே மாறிவிடும். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று நேற்றுவரை அதட்டிய அதே வாய் இன்றைக்கு வீரத்தாய் என்னும், சக்தி என்னும், நாடே உன்னை நம்பி இருக்கிறது என்னும். எண்பது வயதைத் தாண்டியவள் நான். பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தியே காலம் போயிற்று. இந்தத் தொனி மாற்றத்தை என் பேத்தி வயதுப் பெண்கள் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நமக்கு இது ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுத் தாயை நினைத்துப் பாருங்கள். சொந்தத்தில் ஒருவனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் பறிகொடுத்தவள், மறுபடியும் பறை கேட்டதும் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். வகுப்பறையில் அவளை வீரத்துக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். மகன் திரும்பி வந்தானா, அதன்பின் அவளுக்குச் சோறு போட்டது யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

1914 ஆகஸ்டில் இங்கிலாந்திலும் இதே கதைதான். படையில் சேராத ஆண்களின் சட்டையில் கோழை என்பதற்கு அடையாளமாக வெள்ளை இறகைச் செருகும் வேலையைப் பெண்களிடம் கொடுத்தார்கள். ஆண்கள் போனபின், குண்டில் வெடிமருந்து அடைக்கும் வேலைக்கும் பெண்களையே கூப்பிட்டார்கள். லீட்ஸ் நகருக்கு அருகில் பார்ன்போ ஆலை. உராய்ந்து பொறி பறக்கும் என்று கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1916 டிசம்பர் 5 இரவு அங்கே நடந்த வெடிப்பில் 35 பெண்கள் இறந்தார்கள். போர் முடியும்வரை அது வெளியே தெரியாதபடி தணிக்கை பார்த்துக்கொண்டது. 1918-ல் பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, ஆனால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குண்டு செய்த பெண்களில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள்.

நம் பெண்களைத் தொட்ட கதை சிங்கப்பூரில் நடந்தது. 1943 ஜூலையில் பாடாங் மைதானத்தில் பேசிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், ஜான்சி ராணியின் பெயரில் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். சில நாட்களுக்குள் இருபது பெண்களைச் சேர்த்து, புடவையோடு கனத்த துப்பாக்கிகளைத் தூக்கிப் பிடித்து நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய வைத்தார். பிறகு வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். படையில் சேரத் தந்தையோ கணவனோ கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது விதி. நாட்டு விடுதலைக்கு உயிரைக் கொடுக்க வந்தவளுக்கும் அப்பாவின் கையெழுத்து தேவைப்பட்டது.

வந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தறியாதவர்கள். பேச்சு அவர்களை ஈர்த்தது உண்மை. ஆனால் தோட்டத்து நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது மலாயாவை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியர் ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், பல்லாயிரம் தமிழர் அங்கேயே மாண்டார்கள். அரிசிக்குப் பஞ்சம். கங்காணிக்கும் துரைக்கும் ஜப்பான் சிப்பாய்க்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு படையின் முகாமில் சீருடை கிடைத்தது, படிப்பு கிடைத்தது, சாதி கேட்காத பந்தி கிடைத்தது. அவள் போனதில் எனக்கு வியப்பே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் அவளை முதன்முதலாக மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார்.

படை பர்மாவரை போனது, போர்முனையில் சண்டையிட வாய்க்கவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தார்கள், நேதாஜியும் கூடவே நடந்தார். அதன்பின் படை கலைந்தது.

நான் நெடுநாள் யோசித்தது அதற்குப் பிந்தைய கதையைத்தான். காதணியைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துச் சேர்ந்த ஜானகி தேவர், 1946-ல் மலாயா இந்தியக் காங்கிரஸ் உருவானபோது அதில் பங்கெடுத்தார். பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா, பூபாலனை மணந்து ஆசிரியையானார். 1960-ல் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் அமைத்து, ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார். லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். தோட்டத்துப் பெண்களோ விடியற்காலையில் மறுபடியும் பால்மரத்தடிக்கே போனார்கள். உடுத்திய சீருடை ஒன்றுதான். கையில் படிப்பும் பின்னால் ஒரு குடும்பமும் இருந்தவர்களுக்கு அது அடுத்த படியாயிற்று. மற்றவர்களில் பலரின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

1962-ல் சீனப் போர் வந்தபோது எங்கள் ஊரில் மேடை போட்டுப் பாதுகாப்பு நிதிக்கு நகை திரட்டினார்கள். தாய்க்குலமே என்று ஒலிபெருக்கி அழைத்தது. அம்மா சோப்பு நுரையைத் தடவித் தன் கல்யாண வளையலைக் கழற்றினாள். பல ஆண்டுகள் இறங்காத வளையல், மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்துவிட்டது. மனம் நிறைந்துதான் கொடுத்தாள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பேரில் இருந்த சொத்து அந்தப் பொன் மட்டுமே. பிறந்த வீட்டுப் பூர்வீக நிலத்தில் அவளுக்குப் பங்கு கிடையாது. தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வர 1989 ஆயிற்று. அதற்கு யாரும் ஒலிபெருக்கி கட்டி அவசரப்படவில்லை.

என் பேத்தியின் தோழி ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறாள். போகட்டும், வாழ்த்தித்தான் அனுப்புவேன். அவளை ஒன்றைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். 2020 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை கொடுத்த தீர்ப்பு. கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்கப் பக்குவப்படவில்லை என்று அரசு வாதாடியதும் அதில் இருக்கிறது. போர் எதுவும் கூப்பிடாத நாட்களில், வருடக்கணக்காக வழக்காடி அந்தப் பெண்கள் தங்கள் உரிமையை வாங்கியிருக்கிறார்கள்.