சீனி கலந்தே வரும் டீ

திங்கள்

தூத்துக்குடி பீச் ரோட்டில் எங்கள் ஆபீஸ். கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற வேலை. பதினொரு மணிக்கு எல்லோரும் டீ மெஷின் முன்னால் நிற்கிறோம். பால்பொடி, தேயிலைச் சாரம், சீனி எல்லாம் சேர்த்து அடைத்த பொடி அதற்குள் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வெந்நீரில் கரைந்து விழுகிறது. டீயை அழுத்தினாலும் காப்பியை அழுத்தினாலும் முதலில் நாக்கில் படுவது சீனிதான். கணக்குப் பார்க்கிற அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. "எனக்கு வெந்நி மட்டும் பிடிச்சுக் குடுங்க" என்று கப்பை நீட்டுகிறார். தலைநரைக்க இங்கேயே உழைத்த மனுஷருக்கு ஆபீஸில் ஒரு வாய் டீ இல்லை. சீனி சேர்க்காத பொடியும் விற்கத்தான் செய்கிறார்கள். கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

செவ்வாய்

மெஷின் வருவதற்கு முன்னால் ஓர் அக்கா அடுப்பில் டீ போட்டுத் தருவார். அப்போதும் குறை இருந்தது. சில நாள் டீயின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதக்கும், டம்ளரின் உள்பக்கம் பழுப்பு வளையம் ஒட்டும். தூள் சரியில்லை என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அக்காவும் ஏச்சு வாங்கினார். காரணம் தண்ணீர். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும், காற்றுப் பட்டதும் தேயிலைச் சத்தோடு சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. இந்த ஊரில் குடிதண்ணீர் என்றால் வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். அது வராத நாளில் போர் தண்ணீர், உப்பு. ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் அதே தூளில், அதே அக்கா கையில், டீ செம்மண் நிறத்தில் தெளிவாக நிற்கும். அவரைக் குறை சொன்னது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். இப்போது ஃபைல் அடுக்குகிறார்.

புதன்

காகிதக் கப். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் இதுவும் உண்டு. கரக்பூர் ஐஐடி 2020-இல் சோதித்துப் பார்த்தது: இத்தகைய கப்பில் 100 மில்லி சூடான பானம் கால் மணி நேரம் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் இறங்குகின்றன. கால் மணி நேரம் எங்களுக்குச் சர்வசாதாரணம். கப்பை மேசையில் வைத்ததும் போன் வரும், ஒரு கண்டெய்னர் நம்பரில் எழுத்து மாறியிருக்கும். நாளை முதல் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்.

வியாழன்

வேலையாகப் புது ஹார்பர் வரை போனேன். கேட்டுக்கு வெளியே கடையில் பாய்லர் கொதிக்கிறது. மாஸ்டர் ஆள் முகம் பார்த்தே ஸ்ட்ராங்கா, லைட்டா, சீனி கம்மியா என்று தெரிந்து ஆற்றுகிறார். லாரிகள் வரிசையில் நிற்க, டிரைவர்கள் கண்ணாடிக் கிளாஸோடு குந்தியிருக்கிறார்கள். குடித்து முடிக்கும்வரை எனக்கு ஆபீஸ் ஞாபகமே வரவில்லை. நல்ல டீ அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கரையில் மோசமான டீயைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இலங்கை மலைகளில் முதலில் காப்பிதான். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. அந்தத் தேயிலையைக் கிள்ளப் போன நம் சனம் எத்தனையோ பேர் தூத்துக்குடியில்தான் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். பக்கத்துத் தட்டப்பாறையில் அவர்களுக்கென்று முகாம் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போகும்வரை அந்த ரயிலும் இங்கேதான் வந்து நின்றது. மூட்டை முடிச்சோடு இங்கே காத்துக் கிடந்தவர்கள் கிள்ளிய இலையை உலகமே குடித்தது.

வெள்ளி

மேனேஜரிடம் பேசினேன். சீனியில்லாத பொடிக்கு உடனே சரி என்றார். மறுபடி அடுப்பு வைக்கலாமே என்றதற்கு, "பேப்பரு குவிஞ்சு கெடக்குற எடம், தீ பிடிச்சா யாரு பதில் சொல்லுவா?" என்றார். கரண்ட் அடுப்பு போதும், அக்கா இருக்கிறார் என்றேன். யோசிக்கிறேன் என்றார். கேட் பாஸ் வாங்க வந்து வாசலில் மணிக்கணக்காக நிற்கும் டிரைவர்களுக்கும் டீ கொடுக்க வேண்டும் என்றதும், "அவங்க வெளிய குடிச்சுக்கிடுவாங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்.

1948 தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல வழி செய்தது. எங்களைப் போன்ற சின்ன ஆபீஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வாசலில் நிற்கிற டிரைவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அதனால்தான் நாங்களாகக் கேட்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை எழுத்தில் கொடுக்கிறேன். அண்ணாச்சியும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.