கர்னல் ஃபோல்டரில் கண்டவை

லினக்ஸ் கர்னலோடு வரும் ஆவண ஃபோல்டர். இரவெல்லாம் உருட்டல்.

ஒருகாலத்தில் பெரும்பாலும் சாதா டெக்ஸ்ட் ஃபைல்கள். கொஞ்சம் டாக்புக். 2016இல், 4.8 வெளியீட்டில், ஸ்பிங்ஸ் வந்தது. பைத்தானின் ஆவணங்களுக்காக எழுதிய கருவி. கர்னல் ஆவணங்களுக்குப் பொறுப்பு ஜோனதன் கார்பெட்.

அப்புறம் வருஷக்கணக்கில் இடமாற்றம். சிஸ்டம் நிர்வாகிக்கு ஒரு ஃபோல்டர், டிரைவர் எழுதுபவருக்கு ஒன்று. வாசிக்கப்போவது யாரென்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். நல்ல புத்தி.

பேட்ச் அனுப்பும் முறை பற்றிய ஃபைலும் உள்ளே போனது. பழைய இடத்தில், பழைய பெயரிலேயே ஒரு குட்டி ஃபைல். வேறொன்றும் இல்லை அதில்: இன்ன இடத்துக்குப் போய்விட்டது.

00-இண்டெக்ஸ் என்றொரு ஃபைலும் இருந்தது. ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல.

பெயரில் பூஜ்யங்கள் எதற்கு? பட்டியலில் முதல் ஆளாக நிற்க.

ஃபைல் வரும், போகும், பெயர் மாறும். இண்டெக்ஸை யாரும் தொடமாட்டார்கள். 2018இல் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

ஸ்பிங்ஸ் ஓடும்போது ஒரு எச்சரிக்கை: இந்த ஃபைல் எந்தப் பொருளடக்கத்திலும் இல்லை. ஃபைல் இருக்கிறது. எழுதியவரும் எங்கோ இருப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. தலைப்புக்குக் கீழே போட்ட கோடு தலைப்பைவிடக் குட்டையாம்.

சி மொழியில் /* என்று தொடங்கினால் சும்மா குறிப்பு. /** என்றால் ஆவணம். ஒரு நட்சத்திரம்தான் வித்தியாசம். ஃபங்ஷனில் ஒரு பாராமீட்டரின் பெயரை மாற்றிவிட்டுக் குறிப்பில் மாற்றாமல் விட்டால் கருவி கத்தும்.

பெயர் சரி, விளக்கம் பொய். கத்தாது.

மெமரி பேரியர் பற்றிய ஃபைல் இன்னும் டெக்ஸ்டாகவே கிடக்கிறது. எடுத்த எடுப்பில் ஒப்புதல்: இது முழுமையில்லை. சுருக்கம் கருதி விட்டது கொஞ்சம், மனிதர்கள் என்பதால் விட்டுப்போனது கொஞ்சம்.

இப்படி ஒப்புக்கொள்வது புதிதல்ல. 1971 நவம்பர். முதல் யூனிக்ஸ் கையேடு. கட்டளைப் பக்கங்களின் அடியில் 'பக்ஸ்' என்றொரு தலைப்பு. செய்தவர்களே எழுதிவைத்த குறைகள். மிக்சி வாங்கினால் வரும் புத்தகத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மறுபடி கர்னல் ஃபோல்டர். மெயில் மென்பொருள்களுக்கு என்று ஒரு தனிப் பக்கம். பிரவுசரில் திறக்கும் ஜிமெயில் டேபை ஸ்பேஸாக்கிவிடும், பேட்ச் அனுப்ப உதவாது. கர்னல் ஆவணத்தில் மெயில் பாடம்! வேண்டியதுதான். புதிதாக வருகிறவர் அங்கேதான் முதலில் வழுக்கி விழுவார்.

ஃபிளாப்பிக்குப் பக்கம் இருக்கிறது. இப்போதும்.

திங்க்பேடாக இருந்தால் அதற்கு ஒரு தனி ஆப்ஷன். டிஸ்கை மாற்றியதைச் சொல்லும் சிக்னல் அந்த லேப்டாப்பில் தலைகீழ். எவர் கண்டுபிடித்தாரோ. எத்தனை ஃபிளாப்பியைப் போட்டுப் போட்டு எடுத்தாரோ.

எழுத்துப்பிழைப் பட்டியல் ஒன்று, ஸ்கிரிப்டுகளோடு கிடக்கிறது. தப்பு, இரண்டு நெட்டுக்கோடு, சரி. வரிக்கு ஒரு சொல். ஆதியில் டெபியனின் லிண்டியன் கருவியிலிருந்து வந்தது. கர்னலில் யாராவது புதுத் தப்பு செய்து அகப்பட்டால் அதுவும் சேரும்.

இறங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய அகரவரிசை.