மெயினில் கரண்ட் இருக்கா?

‘கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறான்’ என்று தெரிந்தால் போதும். தெருவில் யார் வீட்டு டி.வி. ரிமோட் மக்கர் பண்ணினாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் சொந்த வீட்டிலேயே திருதிருவென்று முழித்த கதை இது.

மறுநாள் காலை புராஜெக்ட் ரிவ்யூ. நாலு பேர் சேர்ந்து இரண்டு மாதமாக எடுத்த வீடியோ 14 ஜி.பி., ஹாலில் உள்ள விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில் இருந்தது. காட்ட வேண்டியதோ என் விண்டோஸ் 11 லேப்டாப்பில். பென்டிரைவ் நண்பனிடம். பில் கட்டாததால் வீட்டு இன்டர்நெட்டும் கட். ‘இதென்ன பிரமாதம், ஃபோல்டரை ஷேர் பண்ணி இழுத்துடலாம்’ என்று நான் உட்கார்ந்தபோது மணி ஒன்பது.

பதினொன்று ஆகியும் ‘நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை’ என்றே வந்தது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்டதையும் மாற்றினேன். ஃபயர்வாலை அணைத்தேன். பாஸ்வேர்டு பாதுகாப்பை எடுத்தேன். ஃபோல்டரை ஊருக்கே திறந்துவிட்டேன். கடைசியில் எதை மாற்றினேன் என்பதே மறந்துபோயிற்று. மற்ற மூன்று பேருக்கும் என்ன பதில் சொல்வது?

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார் அப்பா. அவர் வயர்மேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், “மெயின்ல கரண்ட் இருக்கான்னு பாக்காம எதுக்குடா பல்பைக் கழட்டுறே?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சுருக்கென்றது. மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு மெயினிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டிலும் ‘ஐபிகான்ஃபிக்’ கொடுத்தேன். டெஸ்க்டாப் 192.168.1.5, லேப்டாப் 192.168.43.20! சாயங்காலம் நெட்டுக்காக லேப்டாப்பை என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டதை மறந்தே போனேன். ஒன்று வீட்டு நெட்வொர்க்கில், மற்றது செல்போனில், எப்படிப் பேசும்? இன்டர்நெட் கட்டானாலும் ரௌட்டர் வீட்டுக்குள் வேலை செய்யும். லேப்டாப்பை அதற்கு மாற்றினேன்.

இப்போது ரௌட்டரின் 192.168.1.1-க்குப் பிங் போனது. டெஸ்க்டாப் மட்டும் பதில் சொல்லவில்லை. பார்த்தால், அதில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருப்பதாக நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது பாவம்! ‘பிரைவேட்’ ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்ததும் ஃபயர்வாலே வழிவிட்டது. அதை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. எங்கள் டெஸ்க்டாப்புக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் சாதாரணமாக உள்ளே விடாது. பாதுகாப்பை எடுத்துவிட்டு விருந்தாளியாகப் போகலாம் என்றால், என் லேப்டாப்பில் இருப்பது 2024-இல் வந்த 24எச்2 ப்ரோ பதிப்பு. வரும் தகவலில் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்கிறது. விருந்தாளி இணைப்பில் கையொப்பத்துக்கு வழியில்லை. ஆகவே டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டோடு ஒரு புதுக் கணக்கு தொடங்கி, அந்த ஒரு ஃபோல்டரை அதற்கு மட்டும் ஷேர் செய்தேன்.

திறந்தது! ஆனால் உள்ளே ஒரு ஃபைல் மட்டும் ‘அனுமதி இல்லை’ என்றது. ஷேரிங் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி இரண்டும் இருந்தால்தான் வேலை நடக்கும். எது கறாரோ அதுதான் செல்லும். செக்யூரிட்டியிலும் அந்தக் கணக்கைச் சேர்த்தேன். நள்ளிரவு தாண்டி அரைமணி நேரத்தில் 14 ஜி.பி.யும் வந்து சேர்ந்தது. காலையில் ரிவ்யூவும் நல்லபடியாக முடிந்தது.

நண்பர்களே, ஓ.எஸ்.ஐ. மாடலின் 7 அடுக்குகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான். கோளாறு என்று வந்தால் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதற்கும் அந்த வரிசை உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தை, ஓ.எஸ்.ஐ. என்ற பெயரையே கேட்டிராத என் அப்பா கையில் ஒரு டெஸ்டரோடு முப்பது வருஷமாகச் செய்து வருகிறார்.

அன்று காலை காப்பி குடிக்கும்போது, “என்னடா, பல்பு எரிஞ்சுதா?” என்றார்.

“எரிஞ்சுதுப்பா. நெட் பில்லையும் கட்டிட்டா இன்னும் நல்லா எரியும்” என்றேன்.