பாதை அங்கால போயிட்டு

குருமண்வெளித் துறையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் சொன்னது முதலில் எனக்கு விளங்கவேயில்லை. "பாதை அங்கால போயிட்டு தம்பி. கொஞ்சம் நில்லுங்க, மறுகா வரும்."

பாதையில் நாம்தான் போவோம், பாதை எங்கே போகும்? நான் முழிசியதைக் கண்டு அவர் கையை நீட்டிக் காட்டினார். அக்கரையில், மண்டூர்ப் பக்கம், தண்ணீரோடு தண்ணீராகத் தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்குத்தான் மட்டக்களப்பில் பாதை என்று பெயர். இன்னொன்றையும் பிறகு கவனித்தேன். புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் இருக்கிற 'வாவி' என்ற சொல் இங்கே ஒருவர் வாயிலும் வருவதில்லை. எல்லாருக்கும் அது ஆறு. ஓடாத தண்ணீர் ஆறாகவும், அதில் ஓடுகிற படகு பாதையாகவும் இருக்கிற ஊர்ப்பக்கம் இது.

நான் யாழ்ப்பாணத்தான். மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த சிரிப்பு எந்த யாழ்ப்பாண வீட்டிலும் எழும் சிரிப்புத்தான். "கவனம், பாயோட ஒட்ட வைச்சிடுவாங்கள்." உத்தியோகம் பார்க்கப் போன ஆண்கள் அங்கேயே கலியாணம் கட்டித் திரும்பாமல் போனதற்கு எங்களவர்கள் கண்டுபிடித்த விளக்கம் மந்திரம். களுவாஞ்சிக்குடியில் நான் தங்கப்போன வீடே அப்படி ஒட்டிப்போன ஒருவனுடையதுதான். பேராதனையில் என்னோடு படித்தவன். இருபத்தைந்து வருடமாகத் திரும்பவில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே முப்பது கிலோமீட்டரளவு போனால் களுவாஞ்சிக்குடி. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும், அதற்கப்பால் பஸ்தான். கல்லடிப் பாலம் தாண்டியதும் காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை என்று ஊர்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது கொண்டக்டருக்குத்தான் தெரியும். அவர் "களுவாஞ்சி, களுவாஞ்சி" என்று கத்துகிறார், குடியை விழுங்கிவிடுகிறார். பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் 'களுவாஞ்சிகுடி' என்று ஒற்றில்லாமல் எழுதுகின்றன. நான் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்துக்குப் பயந்து ஒற்றைப் போட்டுவைக்கிறேன்.

இந்த ஊர்கள் இப்படி நீளமாகக் கிடப்பதற்குக் காரணம் நிலம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி. நடுவே ஒரு மணல் நாடா, சில இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர்கூட இராது. மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். அதை நம்பித்தான் வீடும் தென்னையும் மிளகாய்த் தோட்டமும், களுதாவளையில் வெற்றிலைக் கொடியும். ஆனால் இந்த மணலில் நெல் விளையாது. நெல்லுக்கு மண் வேண்டும். மண் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆகவே வீடு சூரியன் எழும் எழுவான்கரையில், வயல் சூரியன் படும் படுவான்கரையில். களுவாஞ்சிக்குடியின் வரைபடத்தைக் கச்சேரியில் எப்படிக் கீறியிருந்தாலும், சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் கீறினால் ஊர் ஆற்றைத் தாண்டிப் போய்விடும்.

ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், உல்லாசப் பயணிக்கு ஒன்றுமில்லை. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம், ஆதார வைத்தியசாலை, பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம், சந்தி, சந்தியில் கடைகள். படுவான்கரைக் கிராமங்களுக்கெல்லாம் இதுதான் பட்டினம். தமிழரசுக் கட்சியின் தலைவராக இருந்த சி. மூ. இராசமாணிக்கம் பட்டிருப்புத் தொகுதியை 1950களிலும் 60களிலும் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தினார். அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நான் பார்க்க விரும்பியது வீடுகளை.

நண்பனின் வீட்டு வளவில் இரண்டு வீடுகள். முன்னால் ஓடு போட்ட பெரிய வீடு. அது அவன் மனைவியின் பெயரில். பின்னால், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு அறையும் குசினியுமாக ஒரு சின்ன வீடு. அதில் அவனுடைய மாமியார். "எனக்கு மூணு பொம்புளப் புள்ளயள் மனே. மூணு வீடு கட்டினம். நாலாவது வீடு இந்தக் குசினிதான்" என்று சொல்லிவிட்டு, பிட்டில் எருமைத் தயிரை ஊற்றித் தந்தார். புலம்பலா பெருமையா என்று பிரித்தறிய முடியாத குரல்.

யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டுதான். இங்கே வேர் இன்னும் ஆழம். மட்டக்களப்பில் 'குடி' என்பது ஊர்ப்பெயரின் வால் மட்டுமல்ல, தாய்வழி வருகிற குலம். அப்பா என்ன குடியாக இருந்தாலும் பிள்ளை அம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், எந்த நாள் திருவிழா யாருடையது என்பதெல்லாம் குடி பார்த்துத்தான். பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிகள் இருந்தன. பள்ளிவாசல் மரைக்காயர்களும் குடிக்கு ஒருவராக வந்தார்கள். மதம் இரண்டாக இருந்தும் கலியாண வீட்டுக் கணக்கு ஒன்றாக இருந்த நிலம் இது. பிற்காலத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்ததைப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தில் முதுசச் சொத்து தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை, தாய்மாமனிடமிருந்து மருமக்களுக்குப் போகும். பிறிற்றோ என்பவர் அந்த வழக்கங்களைத் தொகுத்து 1876இல் புத்தகமாக்கினார். அதே 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. எழுதிவைத்த வருடமே செத்துப்போன சட்டம். ஆனால் வீட்டை மட்டும் எந்தக் கட்டளைச் சட்டத்தாலும் அசைக்க முடியவில்லை. வீடு பெண்ணுக்கு, வயலிலும் ஒரு பங்கு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவர். கொஞ்ச நாள் எல்லாரும் ஒன்றாக இருந்துவிட்டு, பெற்றோர் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. இதற்காகவே மத்திய கிழக்குக்குப் போய் உழைத்து வந்த அண்ணன்மார் இந்த வீதி நெடுக இருக்கிறார்கள். போன அம்மாமாரும் இருக்கிறார்கள்.

வீட்டை இப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் வேறு இடத்திலும் உண்டு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் பாஸ்க் நாடு என்றொரு மலைப்பகுதி. அங்கேயும் எல்லாம் வீட்டைச் சுற்றித்தான். ஆளுக்குப் பெயர் வைப்பதற்கு முன் வீட்டுக்குப் பெயர் வைத்தவர்கள். வீட்டின் பெயரே ஆட்களின் குடும்பப் பெயராயிற்று. சில பகுதிகளில் மூத்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, அந்த வீட்டுக்கு வாரிசு. அவர்கள் மொழியில் 'எச்செபெரி' என்றால் புது வீடு. அது மருவித்தான் சேவியர் ஆயிற்று. 1506இல் அந்த மண்ணில் பிறந்து, முத்துக்குளித்துறைக்கு வந்து, நம்மிடம் சவேரியார் ஆன பிரான்சிஸ் சேவியரின் பெயருக்குப் பொருள் புது வீடு. பின்வளவுக் குசினியில் இருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அங்கயும் தகப்பன்மாருக்குக் கஷ்டந்தான்" என்றார்.

பாய் விஷயம் எனக்கு அன்றிரவு வெளித்தது. மந்திரம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது இங்கத்தைய வழமை. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவனுக்கும் அதே வழமைதான். அவனுக்கு வீடு கிடைத்தது, வயல் கிடைத்தது, தயிர் கிடைத்தது. ஊருக்குத் திரும்ப அவனுக்கு என்ன காரணம் இருந்தது? போனவனைத் திரும்பப் பெறாத தாய்மார் பாயைக் குற்றம் சொன்னார்கள். "ஒட்டினது பாயில்ல மச்சான், மணல்" என்றான் நண்பன். அவனுக்கு எப்போதும் கொஞ்சம் கவிதைப் பித்து.

மறுநாள் விடிய அவனுடைய மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலம் தாண்டி வயல் பார்க்கப் போனோம். அவனுடையது என்று சொன்னால் பிழை. மனைவியின் சீதன வயல். இங்கே வயல்வெளியை வட்டை என்கிறார்கள். பாலம் முடிந்ததும் காற்றே மாறிவிடுகிறது. கச்சான் வீசும் மாதம் அது. மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் சிறுபோக நெல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மாரியில் இதே இடம் வேறு மாதிரி. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது ஆறு வயலுக்குள் ஏறும். கடல்வாய் மணலால் அடைத்திருந்தால் வெள்ளம் வடிய வழியிராது. அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வயல் தப்பும், வெட்டும் நேரம் பிழைத்தால் ஆற்று இறால் கடலுக்குப் போகும் என்று மீன்பிடிகாரருக்கும் வயல்காரருக்கும் ஒத்துவராது. 2011 ஜனவரி வெள்ளத்தை எல்லாரும் சொல்கிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைச் சொல்லும்போது கையால் தென்னை முறிவதைக் காட்டுகிறார்கள். 2004 சுனாமி பற்றி மட்டும் யாரும் கையால் எதையும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

யுத்த காலத்தில் ஆறு எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை வீதி அரசாங்கத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். 2007இல் படையினர் படுவான்கரையைப் பிடிக்கும்வரை பல வருடம் அப்படித்தான். உரம், சீமெந்து, பற்றரி எதையும் எண்ணிப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் விட்டார்கள். வீட்டிலிருந்து வயலுக்குப் போவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற காரியமாக இருந்தது என்றான் நண்பன். அந்தக் காலத்தில் அவனுடைய யாழ்ப்பாணப் பேச்சு இரண்டு கரையிலும் சந்தேகம் கிளப்பியதாம். "ரெண்டு பக்கமும் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்? நான் சொன்ன ஒரே பதில், மனிசி வீடு."

அன்று பின்னேரம்தான் நான் தனியாகக் குருமண்வெளித் துறையில் பாதைக்காக நின்றது. அது ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. ஏறினோம்: இரண்டு ஆசிரியைகள், ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டிய வாழைக்குலைகள், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள் பெரியவர், நான். கண்டலும் கிண்ணையும் அடர்ந்த கரை மெல்லப் பின்வாங்கியது. தண்ணீர் பெரிய ஆழமில்லை, அதிகம் போனால் நாலு மீட்டர். சாயும் வெயிலில் அது வெறும் தகடு.

இறங்கினால் தில்லை மண்டூர். சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கேயும் திரைக்குப் பின்னால் வாய் கட்டிப் பூசை செய்யும் கப்புகனார், மந்திரமில்லாத பூசை. ஆவணிப் பூரணைத் தீர்த்தத்தோடு முடியும் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆகவே ஆலாத்தி ஏந்தும் சிறுமிகளையும் கூட்டத்தையும் நான் காணவில்லை. தில்லை மர நிழலும் இரண்டு நாயும் ஒரு கச்சான்கடலைக் கடையும் கண்டேன். 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதிய பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ஊரும் இதுதான். இந்தப் பிரதேசத்தின் பேச்சையும் சடங்கையும் கூத்தையும் அறிய இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும்.

பாதையில் வரும்போது பெரியவரிடம், எவ்வளவு அழகான பயணம், இதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கோயில் வாசலில் மறுபடி கண்டபோது சொன்னார்: "நீங்க ஒருநாள் வந்து போறீங்க தம்பி. ராத்திரி ஒரு புள்ளைக்கு வயித்துவலி எண்டா ஆசுப்பத்திரி அந்தக் கரையில. மண்முனையில பாதை நிண்டுது, 2014ல பாலம் வந்திட்டு. அங்க ஆரும் பாதையத் தேடி அழல்ல." எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

இருட்டிவிட்டது, பாதை நின்றுவிட்டது. வெல்லாவெளி, பழுகாமம், பட்டிருப்புப் பாலம் என்று சுற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதையில் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நீங்கள் போவதென்றால் காலையிலேயே துறைக்குப் போய்விடுங்கள்.